சர்வர் சும்மா இருக்கட்டும், டேட்டா வேலை செய்யட்டும்

ரொம்ப நாளா உறுத்திட்டு இருக்கற ஒரு விஷயம். இன்னிக்கு எழுதிடறேன். (நீளமாதான் போகும். காபி போட்டுட்டு வந்து உட்காருங்க.)

அறிவியல் டேட்டாவை, அதுலயும் முப்பரிமாண டேட்டாவை, உலகத்துக்குத் திறந்து வைக்கறவங்க பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணைப் பண்றாங்க. சில பேர் பல டெராபைட் கோப்புக்கு ஒரு டவுன்லோட் லிங்க் போட்டுட்டு "எல்லாருக்கும் இலவசம்"னு அறிவிச்சிடறாங்க. இன்னும் சில பேர் டேட்டாபேஸ், பின்னணிச் சேவைகள், லாகின்னு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒரு பெரிய சர்வரைக் கட்டறாங்க. முதல் வகைல டேட்டா இருந்தும் பார்க்க வழி இல்ல. ரெண்டாவது வகை ஆரம்பத்துல அழகா ஓடும். கட்டினவர் வேற வேலைக்குப் போய், ஒரு லைப்ரரி பழசாகி, ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்ததும் படுத்துடும். என் கட்சி இதுதான்: முப்பரிமாண டேட்டாவைக் கொடுக்கற சர்வர் எந்தக் கணக்கும் போடக்கூடாது. கேட்ட கோப்பை எடுத்துக் கொடுத்தா போதும். போட வேண்டிய கணக்கு எல்லாத்தையும் முன்னாடியே போட்டு, டேட்டாவை அடுக்கற விதத்துல வெச்சிடணும்.

இது வெறும் சோம்பேறித்தனம்னு தோணலாம். எண்களைப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க.

ஹெச்01-னு ஒரு டேட்டா இருக்கு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தோட ஜெஃப் லிக்ட்மேன் ஆய்வகமும் கூகுளும் சேர்ந்து 2021-ல வெளியிட்டது. வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சைல எடுத்த மனித மூளைத் துணுக்கு ஒண்ணு. கன அளவு சுமார் ஒரு கன மில்லிமீட்டர்தான். அதை 5,000-க்கும் மேற்பட்ட மெல்லிசான சீவல்களா வெட்டி, ஒவ்வொண்ணையும் எலக்ட்ரான் நுண்ணோக்கில படம் பிடிச்சாங்க. படம் பிடிக்கறதுக்கு மட்டும் 326 நாள் ஆச்சு. மொத்த டேட்டா 1.4 பெட்டாபைட். இப்ப இதுக்கு ஒரு டவுன்லோட் லிங்க் கொடுத்தா என்ன ஆகும்? விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்துல, ராத்திரி பகலா, ஒரு நிமிஷம்கூட நிக்காம இறங்கினா கிட்டத்தட்ட 130 நாள். அதை வைக்கறதுக்கு டிஸ்க் வேற வாங்கணும். இத்தனைக்கும் வர்ற ஆராய்ச்சியாளருக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு நியூரானும் அதைச் சுத்தி இருக்கற சின்ன இடமும்தான். முழுசையும் இறக்கச் சொல்றது திறந்து வெச்ச மாதிரி ஆகாது.

சரி, வேண்டிய இடத்தை மட்டும் கொடுக்கறதுன்னா அதுல என்ன கஷ்டம்? இங்கதான் முப்பரிமாணம் வேலையைக் காட்டுது. நுண்ணோக்கி டேட்டாவை ஒரு படத்து மேல இன்னொரு படமா கொடுக்குது. கணக்குக்கு எளிசா, ஒவ்வொரு பக்கமும் 30,000 வாக்ஸெல் (முப்பரிமாணத்துல பிக்ஸெலோட இடத்துல இருக்கறது) இருக்கற ஒரு கனசதுரத்தை எடுத்துக்கலாம். வாக்ஸெலுக்கு ஒரு பைட். மொத்தம் 27 டெராபைட். 30,000 படம், ஒவ்வொண்ணும் பிரிச்சா 900 மெகாபைட். மேல இருந்து பார்க்கறவருக்கு ஒரு படத்தைத் திறந்தா போதும். ஆனா பக்கவாட்டுல இருந்து 1024-க்கு 1024 அளவுல ஒரு ஜன்னல் பார்க்கணும்னு ஒருத்தர் கேட்டா? அந்த ஜன்னலோட ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு படத்துல கிடக்கு. 1,024 கோப்பைத் திறக்கணும். சுருக்கி வெச்ச படமா இருந்தா ஒவ்வொண்ணையும் முழுசா பிரிக்கணும். ஒரு மெகாபைட் அளவுள்ள ஜன்னலைக் காட்ட 900 ஜிபிக்கு மேல பிரிக்கற வேலை. இந்தக் கஷ்டத்தைச் சமாளிக்கத்தான் நிறைய பேர் சர்வருக்குள்ள மூளையைத் திணிக்க ஆரம்பிக்கறாங்க: தற்காலிக நினைவகம், வரிசை, பின்னணி வேலையாள் நிரல்கள். நோய் எங்கயோ, மருந்து எங்கயோ. அடுக்கு தப்பா இருக்கு. அதைத்தான் சரி பண்ணணும்.

சரி பண்ற வழி எளிசு. கனசதுரத்தைச் சின்னச் சின்ன கனசதுரத் துண்டுகளா வெட்டிடுங்க. பொதுவா 64 × 64 × 64. ஒரு துண்டுல 2,62,144 வாக்ஸெல், அதாவது 256 கிலோபைட். இப்ப அதே 1024-க்கு 1024 ஜன்னலுக்கு எத்தனை துண்டு வேணும்? 16-க்கு 16, மொத்தம் 256 துண்டு, 64 மெகாபைட். மேல இருந்து பார்த்தாலும் பக்கவாட்டுல பார்த்தாலும் முன்னாடி இருந்து பார்த்தாலும் அதே 256 துண்டு. திசைங்கற பாரபட்சமே போயிடுச்சு. "ஒரு தளத்தைக் காட்ட 64 தளத்தை அனுப்பறோமே, வீண்தானே?"ன்னு கேட்கலாம். முப்பரிமாண டேட்டாவைப் பார்க்கறவர் ஒரு தளத்தோட நிக்கறதில்ல. உள்ள உள்ள நகர்ந்துட்டே இருப்பார். அடுத்த பல தளங்கள் ஏற்கெனவே அவர் கைல வந்தாச்சு. அதுக்கு மேல ஜேபெக் சுருக்கம் சேர்ந்தா அந்த 64 மெகாபைட்டுல ஒரு சின்ன பங்குதான் கம்பி வழியா போகும்.

அடுத்தது, தூரத்துல இருந்து பார்க்கறது. முழு கனசதுரத்தையும் ஒரே திரைல காட்டணும்னா 27 டெராபைட்டும் தேவை இல்லையே. அதனால ஒவ்வொரு அச்சுலயும் பாதியாக்கி ஒரு சின்ன பிரதி, அதைப் பாதியாக்கி இன்னொண்ணு, இப்படியே படிப்படியா செஞ்சு வெச்சுக்கணும். இதுல ஒரு சந்தோஷமான கணக்கு இருக்கு. ரெண்டு பரிமாணப் படத்துக்கு இந்த மாதிரி அடுக்கு செஞ்சா மூணுல ஒரு பங்கு இடம் கூடுதலா வேணும். மூணு பரிமாணத்துல ஒவ்வொரு படியும் முந்தினதுல எட்டுல ஒண்ணுதான். எல்லாப் படியையும் கூட்டினாலும் கூடுதல் இடம் ஏழுல ஒண்ணு, சுமார் 14 சதவீதம். அந்த விலைக்கு எந்தத் தூரத்துல இருந்து பார்த்தாலும் அதே வேகம் கிடைக்குது. (சீவல் டேட்டாவுல ஒரு விஷயம் கவனிக்கணும். பழ ஈ மூளையோட எஃப்ஏஎஃப்பி டேட்டால வாக்ஸெல் அளவு 4 × 4 × 40 நானோமீட்டர். அங்க கண்ணை மூடிட்டு மூணு அச்சையும் பாதியாக்கினா ஆழம் சீக்கிரமே மங்கிடும். முதல் மூணு படிக்குக் குறுக்கையும் நெடுக்கையும் மட்டும் பாதியாக்கி, வாக்ஸெல் ஓரளவு கனசதுரம் ஆனதுக்கப்புறம்தான் ஆழத்தைத் தொடணும். அப்ப கூடுதல் இடம் மூணுல ஒரு பங்கு வரைக்கும் போகும்.)

இன்னொரு எச்சரிக்கை. பாதியாக்கறதுன்னா சராசரி எடுக்கறதுன்னு நினைச்சுக்காதீங்க. சாம்பல் நிறப் படத்துக்குச் சராசரி சரி. ஆனா இந்த டேட்டாவோட கூடவே பெயர்ச்சீட்டு டேட்டா ஒண்ணு வரும்: "இந்த வாக்ஸெல் 10-ம் நம்பர் நியூரானோடது, இது 20-ம் நம்பரோடது"ன்னு. அங்க சராசரி எடுத்தா 15-ம் நம்பர் நியூரான்னு ஒண்ணு முளைக்கும். அது மூளையோட வேற மூலைல இருக்கற வேற ஒரு செல்லோட நம்பரா இருக்கலாம். அதிகமா வர்ற நம்பர் எதுவோ அதைத்தான் எடுத்துக்கணும். சர்வர் சாதாரணமா இருக்கலாம்னு சொல்றேனே தவிர, டேட்டாவைத் தயார் பண்றவர் சாதாரணமா இருந்துட முடியாது. அக்கறை முழுக்க அங்கதான் வேணும்.

இவ்வளவும் செஞ்சதுக்கப்புறம் சர்வருக்கு மிச்சம் இருக்கற வேலை என்ன? கோப்பைக் கொடுக்கறது. நியூரோக்ளான்சர்னு ஒரு பார்வையாளர் நிரல் இருக்கு. கூகுளோட ஜெரமி மெய்டின்-ஷெபர்ட் எழுதினது, 2016-ல திறந்த மூலமா வந்தது. அதோட சொந்த வடிவத்துல, டேட்டாவோட அளவு, வாக்ஸெல் அளவு, துண்டு அளவு எல்லாம் 'இன்ஃபோ'ங்கற ஒரு சின்ன ஜேசன் கோப்புல இருக்கும். ஒவ்வொரு துண்டோட கோப்புப் பெயரும் 0-64_0-64_0-64 மாதிரி, அது மூணு அச்சுலயும் எங்க இருக்குங்கறதையே சொல்லும். பெயரே முகவரி. அதனால எந்த டேட்டாபேஸையும் கேட்காம, பார்க்கறவரோட பிரவுசரே எந்தக் கோப்பு வேணும்னு கணக்குப் போட்டுக்கும். சாய்வா வெட்டிப் பார்க்கணுமா? துண்டுகளை வாங்கி, பிரவுசர் அவரோட சொந்தக் கிராஃபிக்ஸ் சில்லுலயே வரைஞ்சுக்கும். ஆயிரம் பேர் ஒரே நேரத்துல ஆயிரம் கோணத்துல பார்த்தாலும் கணக்குச் சுமை ஆயிரம் கணினிக்குப் பிரிஞ்சு போயிடும். கேட்டதும் ஊத்தற தோசைக்கு மாஸ்டர் கல்லுகிட்டயே நிக்கணும். வேக வெச்சு அடுக்கின இட்லியை யார் வேணா எடுத்துப் பரிமாறலாம்.

சர்வர்ல நிஜமா செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆனா அந்தக் கொஞ்சத்துல தப்பு நடக்கற இடங்கள் குறிப்பா சில இருக்கு. என்ஜின்எக்ஸ் மாதிரி ஒரு சாதாரண வெப் சர்வர் போதும். பார்வையாளர் நிரலோட பக்கம் ஒரு இணையதளத்துலயும் டேட்டா இன்னொரு இணையதளத்துலயும் இருக்கறதால, "வேற தளத்துல இருந்து கேட்டாலும் கொடுக்கலாம்"னு சொல்ற கோர்ஸ் தலைப்பு பதில்ல இருக்கணும். இல்லேன்னா டேட்டா வந்து சேர்ந்தாலும் பிரவுசர் அதைப் பார்வையாளர்கிட்ட கொடுக்காது. இதைப் பெரும்பாலும் எல்லாரும் போட்டுடறாங்க. தவறவிடறது அடுத்தது: வெறும் இருட்டா இருக்கற பகுதிக்குத் துண்டே எழுதாம விட்டுடறது வழக்கம், இடம் மிச்சம். அப்ப பார்வையாளர் அதைக் கேட்டா சர்வர் 404, அதாவது 'அப்படி ஒரு கோப்பு இல்ல'ன்னு சொல்லணும். "சரி, இங்க ஒண்ணும் இல்ல"ன்னு பார்வையாளர் புரிஞ்சுக்கும். ஆனா என்ஜின்எக்ஸ்ல தலைப்பு சேர்க்கற கட்டளை வெற்றிகரமான பதில்களுக்கும் திருப்பி விடற பதில்களுக்கும்தான் இயல்பா வேலை செய்யும். 404-க்கும் சேர்க்கணும்னா 'ஆல்வேஸ்'ங்கற சொல்லையும் போடணும். போடாட்டி அந்த 404-ஐ பிரவுசர் கோர்ஸ் பிழைன்னு எடுத்துக்கிட்டு சிவப்பு எழுத்துல கத்தும். அதே மாதிரி, காணாத பக்கத்துக்கு அழகான ஹெச்டிஎம்எல் பக்கத்தை 200 குறியோட அனுப்பற அமைப்பு இருந்தா, பார்வையாளர் அந்தப் பக்கத்தை மூளைத் துண்டுன்னு நினைச்சுப் பிரிக்கப் பார்க்கும். டேட்டா தளம் ஹெச்டிடிபிஎஸ்-ல இருக்கணும். பாதுகாப்பான பக்கம் பாதுகாப்பில்லாத இடத்துல இருந்து டேட்டா எடுக்கறதை பிரவுசர் தடுத்துடும். ஹெச்டிடிபி 2-ஐயும் இயக்கிடுங்க. பழைய பதிப்புல ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புதான் பிரவுசர் வைக்கும், 256 துண்டும் வரிசைல நிக்கும். கடைசியா, துண்டுகள் மாறப் போறதில்லைங்கறதால நீண்ட காலம் சேமிச்சு வெச்சுக்கலாம்னு தலைப்புலயே சொல்லிடுங்க. வழில இருக்கற ஒவ்வொரு இடைச் சேமிப்பும் உங்களுக்காக இலவசமா வேலை செய்யும்.

அவ்வளவுதான் சர்வர். இனி எதிர்வாதங்கள். (சிலது ரொம்ப நியாயமானது.)

முதல் எதிர்வாதம், கோப்பு எண்ணிக்கை. 27 டெராபைட்டை 64 × 64 × 64-ஆ வெட்டினா 10 கோடிக்கும் மேல கோப்பு வரும். இது விளையாட்டுக் காரியம் இல்ல. சாதாரண கோப்பு முறைமைல ஐநோடு தீர்ந்து போகும். நகல் எடுக்க, சரிபார்க்க, பேக்கப் எடுக்க நாள் கணக்கா ஆகும். மேகச் சேமிப்புல ஏத்தினா ஆயிரம் பதிவேற்றத்துக்கு அரை சென்ட்னு வெச்சாலும் ஏத்தற கட்டணமே 500 டாலரைத் தாண்டும். இந்த வாதத்தை முழுசா ஒத்துக்கணும். ஆனா இதுக்கான பதிலும் சர்வரைத் தொடாமலே வந்தாச்சு. ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒரே பெரிய கோப்புல கட்டி, எந்தத் துண்டு எந்த பைட்டுல ஆரம்பிக்குதுன்னு ஒரு அட்டவணையை அதுக்குள்ளயே வைக்கறது. பார்வையாளர் முதல்ல அட்டவணையை வாங்கும். அப்புறம் "இந்த பைட்டுல இருந்து இந்த பைட் வரைக்கும் கொடு"ன்னு கேட்கும். இந்தப் பகுதிக் கோரிக்கை ஹெச்டிடிபி-ல ரொம்ப காலமா இருக்கற வசதி. சாதாரண சர்வர் எல்லாத்துக்கும் தெரியும், 206-னு பதில் சொல்லும். 1024 × 1024 × 1024 அளவுல கட்டினா ஒரு கட்டுக்குள்ள 4,096 துண்டு. 10 கோடி கோப்பு சுமார் 25,000 ஆகிடும். நியூரோக்ளான்சர் வடிவத்துலயும் இது இருக்கு, ஸார்ங்கற இன்னொரு சேமிப்பு வடிவத்தோட மூணாம் பதிப்புலயும் இருக்கு. (இந்தக் கோப்புகளுக்கு மட்டும் சர்வர்ல போறபோக்குல பண்ற ஜிஸிப் சுருக்கத்தை அணைச்சிடுங்க. அது வந்தா பைட் எண்ணிக்கையே மாறிப் போய், பகுதிக் கோரிக்கை செயல்படாது.)

ரெண்டாவது எதிர்வாதம், திருத்தம். "எங்க டேட்டா தினமும் மாறுது. ஆட்கள் நியூரான்களை ஒட்டறாங்க, பிரிக்கறாங்க. அசையாத கோப்பு எப்படி உதவும்?" இதுதான் எல்லாத்துலயும் வலுவான வாதம். அதனால நடந்ததையே பார்ப்போம். அமெரிக்கால இருக்கற ஜெனீலியா ஆய்வு வளாகம் பழ ஈயோட பாதி மூளையை, சுமார் 25,000 நியூரானோட, 2020-ல வெளியிட்டுச்சு. திருத்தற வேலைக்கு அவங்க டிவிஐடி-ங்கற பதிப்பு வரலாறு வைக்கற சர்வரை எழுதிப் பயன்படுத்தினாங்க. அது நிஜமாவே புத்திசாலி சர்வர்தான். ஆனா உலகத்துக்கு அந்த நுண்ணோக்கிப் படங்களைக் கொடுத்தபோது மேகச் சேமிப்புல வெட்டி வெச்ச அசையாத துண்டுகளாத்தான் கொடுத்தாங்க. வேலை நடக்கற இடம் வேற, வேலை முடிஞ்சதைக் கொடுக்கற இடம் வேற. அடுத்து ஃப்ளைவயர். பழ ஈயோட முழு மூளை, 1,39,255 நியூரான், 2024 அக்டோபர்ல நேச்சர் இதழ்ல வந்தது. அங்க உலகம் முழுக்க இருந்து ஆட்கள் திருத்தினாங்க. அங்கயும் முப்பரிமாண டேட்டா மாறவே இல்ல. சின்னச் சின்ன துணுக்குகளா ஒரு தடவை பிரிச்சு வெச்சதை அப்படியே நிறுத்திட்டு, "எந்தத் துணுக்கு எந்த நியூரானைச் சேர்ந்தது"ங்கற தொடர்புப் பட்டியலை மட்டும் தனிச் சேவைல மாத்திட்டே இருந்தாங்க. மாறறது சின்னது, மாறாதது பெரிசு. மாறற அந்தச் சின்ன பகுதிக்குப் புத்திசாலி சேவை வைங்க, தப்பே இல்ல. அதுக்காகப் பெரிய பகுதியையும் அதுக்குள்ள அடைக்காதீங்க.

மூணாவது, "எங்ககிட்ட ஏற்கெனவே ஹெச்டிஎஃப்5, நெட்சிடிஎஃப் கோப்புகள் இருக்கு, அதை எல்லாம் திரும்ப எழுதணுமா?" வானிலை, கடல் ஆராய்ச்சிக்காரங்க இதைக் கேட்பாங்க. அவங்க உலகத்துல ஓப்பன்டாப் சர்வர்கள் பல வருஷமா கேட்ட பகுதியை வெட்டிக் கொடுத்து நல்ல சேவை செஞ்சிருக்கு, அதை மதிக்கணும். ஆனா அந்தத் துறையே இப்ப எந்தப் பக்கம் நகருதுன்னு பாருங்க. பான்ஜியோங்கற புவி அறிவியல் ஆராய்ச்சியாளர் சமூகம் மேகத்துல ஸார் வடிவத்தைத்தான் முன்னிறுத்துது. (ஸார் பிறந்தது மலேரியா மரபணு ஆராய்ச்சில. அலிஸ்டர் மைல்ஸ் தன் துறையோட பெரிய அட்டவணைகளுக்காக எழுதினது, இன்னிக்கு மூளை, வானிலை, நுண்ணோக்கின்னு எல்லா இடத்துலயும் ஓடுது. உயிரியல் படங்களுக்கு அதுமேல கட்டின ஓஎம்இ-ஸாரும் வந்தாச்சு.) பழைய கோப்புகளைத் திரும்ப எழுத மனசில்லைன்னா கெர்ச்சங்க்னு ஒரு கருவி இருக்கு. அது கோப்பைத் தொடாது. உள்ள எந்தத் துண்டு எந்த பைட்டுல இருக்குங்கற பட்டியலை மட்டும் வெளிய எழுதித் தரும். பழைய கோப்பும் ஒரு சாதாரண சர்வர்ல இருந்தே துண்டு துண்டா போகும். உள்ள துண்டு வெட்டினதே மோசமா இருந்தா கெர்ச்சங்க்கால அதை மாத்த முடியாது. அப்ப ஒரு தடவை திரும்ப எழுதறதைத் தவிர வழி இல்ல.

நாலாவது, சுருக்கம். "ஜேபெக் போட்டா டேட்டா கெட்டுப் போகாதா, இது அறிவியலா?" பார்க்கறதுக்குக் கொடுக்கற பிரதி வேற, அளக்கறதுக்குக் கொடுக்கற மூலம் வேற. ஜெனீலியாவோட பாதி மூளைப் படங்களும் பார்வைக்கு ஜேபெக் துண்டுகளாத்தான் வந்தது. மூலத்தை இழப்பில்லாத சுருக்கத்துல தனியா வைங்க, எது எதுன்னு தெளிவா எழுதி வைங்க. பெயர்ச்சீட்டு டேட்டாவுக்கு மட்டும் ஜேபெக் பக்கமே போகக்கூடாது. ஒரு எண் மாறினாலும் ஆளே மாறிடும். அதுக்குன்னே நியூரோக்ளான்சர்ல இழப்பில்லாத முறை ஒண்ணு இருக்கு. 8 × 8 × 8 அளவுள்ள சின்னக் கட்டத்துக்குள்ள ஒண்ணு ரெண்டு நியூரான்தான் இருக்கும். அதனால 64 பிட் எண்ணை ஒவ்வொரு வாக்ஸெலுக்கும் எழுதாம, கட்டத்துக்கு ஒரு குட்டிப் பட்டியலும் வாக்ஸெலுக்குச் சில பிட்டும் எழுதினா போதும். ஒரு பிட்கூட இழக்காம அளவு வெகுவா இறங்கும்.

அஞ்சாவது, பணம். வெளிய போற ஒவ்வொரு ஜிபிக்கும் பெரிய மேகச் சேவைகள்ல சுமார் 9 சென்ட் அளவுல வாங்கறாங்க. 27 டெராபைட்டை ஒருத்தர் முழுசா இறக்கினாலே 2,000 டாலருக்கு மேல பில் வரும். உண்மைதான், சின்ன ஆய்வகத்தை இது பயமுறுத்தும். ஆனா இந்த வாதம் என் பக்கம்தான் சாயுது. துண்டுகளா கொடுத்தா யாரும் முழுசா இறக்க மாட்டாங்க. அதோட, வெறும் கோப்புதான்னா அதை எங்க வேணா வைக்கலாம்: கல்லூரிலயே நாலு பெரிய டிஸ்க் போட்ட ஒரு பெட்டில, இல்ல திறந்த டேட்டாவை இலவசமா வைக்க மேக நிறுவனங்களே நடத்தற திட்டங்கள்ல. ஒரு இடம் கட்டுப்படியாகலேன்னா இன்னொரு இடத்துக்கு அப்படியே தூக்கிட்டுப் போய் ஒரு முகவரியை மாத்தினா வேலை முடிஞ்சது. டேட்டாபேஸும் பத்துச் சேவையும் சேர்ந்த சர்வரை இப்படி ஒரு மதியத்துல தூக்கிட்டுப் போக முடியாது. கடைசியா அந்தரங்கம்: மருத்துவ டேட்டாவையும் இப்படி வெறும் கோப்பா வைக்கலாமா? வைக்கலாம். தலை ஸ்கேன்ல இருந்து முகத்தையே திரும்ப உருவாக்கலாம், அதனால காவல் கட்டாயம் வேணும். அந்தக் காவலை வாசல்ல வைங்க, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகற கையெழுத்திட்ட முகவரி மாதிரி. உள்ள இருக்கற கோப்புகள் கோப்புகளாவே இருக்கட்டும்.

இந்த எல்லா வாதத்துக்கும் அடில நான் முக்கியமா நினைக்கறது ஆயுள். ஆராய்ச்சி நிதி சில வருஷத்துக்குத்தான் வரும். அந்தக் காசுல சேர்ந்த இளைஞர் ஒப்பந்தம் முடிஞ்சதும் போயிடுவார், போகவும் வேணும். ஆனா டேட்டாவோட ஆயுள் அப்படி இல்ல. 65 வயசுல இறந்த ஒரு மனிதரோட மூளையை 7,404 சீவலா வெட்டி, ஜெர்மனிலயும் கனடாலயும் இருக்கற ஆய்வாளர்கள் 2013-ல வெளியிட்ட பிக்பிரெயின் டேட்டாவை இன்னிக்கும் புதுப் புது கேள்விக்காகத் திறந்து பார்க்கறாங்க. அந்த மாதிரி டேட்டாவை இன்னொரு தடவை எடுக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. உடலைக் கொடுத்தவங்க கொடுத்தது ஒரு தடவைதான். அப்படிப்பட்ட ஒண்ணை, பாஸ்வேர்டு தெரிஞ்ச ஒரே ஆளை நம்பி இருக்கற நிரலுக்குப் பின்னாடி பூட்டி வைக்கறது எனக்குச் சம்மதம் இல்ல. விவரக் கோப்பு ஒண்ணு, முகவரியே பெயரா இருக்கற துண்டுகள், இழப்பில்லாத மூலம், ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண். இந்த நாலும் இருந்தா, இன்னிக்கு இருக்கற எந்த நிரலும் செத்துப் போனாலும், பின்னாடி வர்ற மாணவர் ஒருத்தர் தனக்குத் தெரிஞ்ச எந்த மொழிலயும் ஒரு சின்ன நிரல் எழுதி அதைப் படிச்சுடலாம்.

இது எங்கயோ ஹார்வர்ட் சமாச்சாரம்னு தள்ளிடாதீங்க. சென்னை ஐஐடி-ல மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமைல இயங்கற சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பர்ல தரணிங்கற தொகுப்பை வெளியிட்டுச்சு. கருவுல இருக்கற குழந்தைகளோட மூளைகள், ரெண்டாவது மூணு மாசக் கட்டத்துல, மொத்தம் 5,132 சீவலா, செல் அளவு நுணுக்கத்துல. யார் வேணா இணையத்துல இலவசமா பார்க்கலாம். அந்த அளவு டேட்டாவை உண்டாக்கற திறமை நம்ம ஊர்ல வந்தாச்சு. இனிமே நுண்ணோக்கியும் சிடி ஸ்கேனரும் வெச்சிருக்கற ஒவ்வொரு துறைலயும், புவியியல்ல இருந்து தாவரவியல் வரைக்கும், இந்தக் கேள்வி வரும்: எடுத்தாச்சு, எப்படிக் கொடுக்கறது?

அப்ப மானியம் கேட்டு எழுதறப்போ "இணையதளம் உருவாக்கம்"னு ஒரு வரியும் ஒரு மென்பொருள் நிறுவனத்தோட விலைப்புள்ளியும் போட்டுட்டு நிறுத்திடாதீங்க. டேட்டாவை வெட்டவும், படிப்படியா சுருக்கவும், கட்டவும், சரிபார்க்கவும் ஒரு நல்ல ஆளோட சில மாசச் சம்பளத்தைக் கேளுங்க. வேற ஒரு ஊர்ல அதே கோப்புகளோட இன்னொரு பிரதி வைக்க டிஸ்க் காசையும் கேளுங்க. சர்வருக்குன்னு தனியா பெரிசா ஒண்ணும் கேட்க வேண்டியிருக்காது. வேலையை முடிச்சதும் ஒரு சோதனை பண்ணுங்க: கட்டினவரை ஒதுங்கி நிக்கச் சொல்லிட்டு, சம்பந்தமே இல்லாத இன்னொருத்தர்கிட்ட அந்த டிஸ்க்கையும் ஒரு பக்கக் குறிப்பையும் மட்டும் கொடுங்க. ஒரே நாள்ல அவர் வேற ஒரு கணினில அதைத் திரும்ப ஓட வெச்சுட்டார்னா, உங்க டேட்டாவை நிஜமாவே திறந்து வெச்சிருக்கீங்க. முடியலேன்னா வெளியீட்டு அறிவிப்பைத் தள்ளி வெச்சுட்டு, அடுக்கை முதல்ல சரி பண்ணுங்க.